ஒரு கம்பியும் இரு தொழில்களும்: கடற்கலங்களின் வான்கம்பி வரலாறு

கடலிற் செல்லும் கலம் எத்துணைப் பெரிதாயினும் அதன்கண் இடம் அரிது. சரக்குக்கும் இயந்திரத்துக்கும் மாலுமிகளுக்கும் பங்கிட்ட பின்னர் எஞ்சுவது சிறிதே. அவ்வாறு எஞ்சும் இடங்களுள்ளும் மிக அரியது பாய்மரத்தின் உச்சியாகும். பாய்க்கப்பல்களின் காலத்தில் அவ்வுச்சி காவலாளுக்கும் கொடிக்கும் விளக்குக்கும் உரியதாயிருந்தது. கம்பியில்லாத் தந்தி கப்பலேறிய நாள் முதலாக அங்கே புதியதொரு போட்டி தோன்றியது. ஒரு கலத்தில் உள்ள வானொலிக் கருவிகள் யாவும் ஒரே வான்கம்பியைப் பகிர்ந்துகொள்வதா, அன்றி ஒவ்வொரு கருவிக்கும் தனிக்கம்பி அமைப்பதா என்பதே அப்போட்டியின் பொருள். முன்னாளில் ‘ஏரியல்’ என்றும் இந்நாளில் ‘அன்ரனா’ என்றும் மக்கள் வழங்கும் அக்கம்பியைப் பற்றிய இவ்வினா, கம்மியர்க்கு மட்டுமே உரிய சிறு வினாப் போலத் தோன்றும். ஆயினும் கடல்வழி வரலாற்றை உற்று நோக்குவார்க்கு, பல நூறு உயிர்கள் பிழைத்ததும் மாண்டதும் இவ்வினாவுக்கு அவ்வக்காலத்து மக்கள் கண்ட விடையைப் பொறுத்தே அமைந்தன என்பது புலனாகும்.

கொழும்பு மாநகரில் வாழ்வோர்க்கு இவ்வரலாறு அயலதன்று. கோட்டைக்குப் புறத்தே அமைந்தமையாற் புறக்கோட்டை எனப் பெயர் பெற்ற பகுதி துறைமுகத்தோடு ஒட்டி வளர்ந்தது. 1875ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்பு 1885ஆம் ஆண்டில் நிறைவெய்தியதும், காலித் துறையை விட்டுப் பெருங்கப்பல்கள் கொழும்பை நாடின. அரிசியும் துணியும் எண்ணெயும் வரும் நாளை எதிர்நோக்கிய புறக்கோட்டை வணிகர்க்குக் கப்பல் எந்நாள் கரை சேரும் என்பது வாழ்வும் தாழ்வும் பற்றிய செய்தியாகும். கப்பல் கண்ணுக்குத் தெரியும் வரை அதனோடு பேச வழியில்லாதிருந்த காலம் அது. அந்நிலையை மாற்றிய கம்பியின் கதையை முறையாக நோக்குவோம்.

தோற்றமும் முதற் பகிர்வும்

1895ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போசு அவர்கள், கம்பித் தொடர்பின்றி மின்னலைகள் சுவரையும் ஊடுருவிச் சென்று தொலைவிலுள்ள மணியை ஒலிக்கச் செய்வதை மக்கள் முன்னிலையிற் காட்டினார். அதே காலத்தில் இத்தாலிய இளைஞரான மார்க்கோனி, இவ்வலைகளைச் செய்தி அனுப்பும் தொழிலுக்குப் பயன்படுத்த முற்பட்டார். உயரத்தில் இழுத்துக் கட்டிய கம்பியும் நிலத்தோடு இணைத்த கம்பியும் சேர்ந்தால் அலை நெடுந்தொலைவு செல்லும் என்பதை அவர் கண்டது இத்துறையிற் பெரும் திருப்பமாகும்.

எனினும் ஓர் இடர் விரைவிற் புலப்பட்டது. தொடக்ககாலப் பொறிகள் எழுப்பிய அலை, மேளத்தை அடித்தாற் போல எல்லாச் செவிகளிலும் ஒருங்கே விழுந்தது. அருகருகே இருவர் செய்தி அனுப்பினால் இருவர் செய்தியும் கெட்டன. இதற்குப் பரிகாரமாக, வீணையின் நரம்பைச் சுருதி சேர்ப்பது போல, செலுத்தியையும் வாங்கியையும் ஒரே மீடிறனுக்கு இசைவிக்கும் முறையை மார்க்கோனி வகுத்தார். 1900ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆந் திகதி அவர் விண்ணப்பித்த 7777ஆம் இலக்கக் காப்புரிமை இதனையே பொருளாகக் கொண்டது.

அவ்வாண்டிலேயே நிகழ்ந்த ஒரு சோதனை இக்கட்டுரையின் பொருளுக்கு மிக அணுக்கமானது. இங்கிலாந்தின் தென்கரையிலே, வைற்றுத் தீவின் சென் கதரீன் முனையிலிருந்து ஏறத்தாழ 30 மைல் தொலைவிலுள்ள பூல் என்னும் இடத்துக்கு இரு செய்திகள் ஒரே வேளையில் அனுப்பப்பட்டன. ஒன்று ஆங்கிலத்திலும் மற்றது பிரெஞ்சிலும் அமைந்தவை. இரண்டும் தனித்தனித் தாள்நாடாவிற் பிழையின்றிப் பதிவாயின. பின்னர் இரு வாங்கிகளையும் ஒன்றன் மேலொன்றாக அடுக்கி, 40 அடி நீளமுள்ள ஒரே கம்பியில் இணைத்தபோதும் அவ்வாறே இரு செய்திகளும் பிரிந்து வந்தன. இதனைக் கண்ட பேராசிரியர் பிளமிங் அவ்வாண்டு ஒக்ரோபரில் இலண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதி உலகறியச் செய்தார். ஒரு வான்கம்பியை இரு கருவிகள் பகிர்ந்துகொள்ளலாம் என்பதற்கு உலகம் கண்ட முதற் சான்றுகளுள் இது தலையாயது.

ஆயின் இச்சோதனையில் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. அங்கே கம்பியைப் பகிர்ந்தவை இரண்டும் வாங்கிகள். இரண்டும் கேட்கும் தொழிலையே செய்தன. கேட்போர் இருவர் ஓரிடத்தில் அமர்ந்தால் ஒருவர்க்கொருவர் பெரும் இடையூறு செய்யார். ஒருவர் உரக்கப் பேசுபவராகவும் மற்றவர் மெல்லொலியைச் செவிமடுப்பவராகவும் இருப்பின் நிலைமை வேறு. கப்பலில் நேர்ந்தது அத்தகைய கூட்டே. அங்கே ஒரே கம்பி வாயாகவும் செவியாகவும் தொழிற்பட வேண்டியிருந்தது.

படகுப் போட்டி புகட்டிய பாடம்

பேசுவோர் பலரும் கேட்போர் சிலருமாக இருந்தால் விளைவது யாது என்பதை 1901ஆம் ஆண்டிலே நியூயோர்க் கடலில் நடந்த ‘அமெரிக்கா கிண்ண’ப் பாய்ப்படகுப் போட்டி காட்டிற்று. அப்போட்டியில் ‘கொலம்பியா’ என்னும் அமெரிக்கப் படகை எதிர்த்தது ‘ஷாம்றொக் 2’. அதன் உரிமையாளர் சேர் தோமஸ் லிப்டன், இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களை வாங்கிப் பெருஞ்செல்வம் ஈட்டிய அதே வணிகர் ஆவார். 1899ஆம் ஆண்டுப் போட்டியின் செய்திகளை மார்க்கோனி ஒருவரே கம்பியில்லாத் தந்தியால் அனுப்பிப் புகழ் பெற்றிருந்தார். 1901இலோ மார்க்கோனியின் குழுவினரோடு டி பொறெஸ்ற் என்பாரின் குழுவும் மூன்றாவதொரு நிறுவனமும் தத்தம் படகுகளிற் பொறிகளை ஏற்றிக்கொண்டு கடலில் இறங்கின. மூன்றும் ஒருங்கே முழங்கவே, ஒருவர் செய்தியும் தெளிவாகக் கரை சேரவில்லை.

இப்பூசல் பின்னர் நாடுகளுக்கிடையிலும் பரவியது. மார்க்கோனி நிறுவனத்தின் தந்தியாளர் பிற நிறுவனப் பொறி பூண்ட கப்பல்களோடு பேசலாகாது என்பது அக்கால விதி. 1902ஆம் ஆண்டில் ஜேர்மானியப் பேரரசரின் இளவல் இளவரசர் ஹைன்றிக் அமெரிக்காவிலிருந்து ‘டொயிச்லாண்ட்’ கப்பலில் மீண்டபோது, மார்க்கோனி நிலையங்கள் அக்கப்பலுக்கு மறுமொழி தரவில்லை. அதனால் எழுந்த சினமே 1903ஆம் ஆண்டுப் பெர்லின் மாநாட்டுக்கு ஒரு காரணமாயிற்று. 1906ஆம் ஆண்டு பெர்லினிற் கூடிய மாநாடு, எந்நிறுவனப் பொறியாயினும் கப்பலும் கரையும் ஒன்றோடொன்று பேசியே ஆகவேண்டும் என விதித்தது, 300 மீற்றர், 600 மீற்றர் என அலைநீளங்களை வரையறுத்தது, ‘எஸ்.ஓ.எஸ்.’ என்னும் அபயக் குறியையும் ஏற்றது. வானவெளி எல்லார்க்கும் பொதுவான கம்பி என்னும் உண்மையை உலகம் ஏட்டில் எழுதி ஒப்பிய முதல் நாள் அது.

600 மீற்றர் என்னும் அலைநீளம் கப்பலின் அமைப்பையே கட்டுப்படுத்திற்று. வான்கம்பி நன்கு தொழிற்பட அதன் நீளம் அலைநீளத்தின் காற்பங்கேனும் இருத்தல் நன்று. 600 மீற்றருக்கு அது 150 மீற்றர். அவ்வுயரமுள்ள பாய்மரம் எக்கப்பலிலும் இல்லை. ஆகவே இரு பாய்மரங்களுக்கும் இடையே கம்பிகளைக் கிடையாக இழுத்து, நடுவிலிருந்தோ ஓரத்திலிருந்தோ ஒரு கம்பியைக் கீழே தந்தி அறைக்குக் கொணர்ந்தனர். கப்பலுக்குப் பெரும்பாலும் இரண்டே பாய்மரம்; ஆதலின் ஒரு பெருங்கம்பித் தொகுதிக்கே இடமுண்டு. செலுத்தியும் வாங்கியும் அதனைப் பகிர்ந்தமை விருப்பத்தால் அன்று, தேவையால் என்க.

அப்பகிர்வைச் செய்த முறை எளியது. தந்தியாளர் கைவிசையைத் திருப்பிக் கம்பியை ஒருகாற் செலுத்தியோடும் ஒருகால் வாங்கியோடும் இணைத்தனர். மார்க்கோனிப் பொறிகளில் இதற்கு மேலும் நுண்ணியதொரு கருவியும் இருந்தது. மிகக் குறுகிய இடைவெளியுடன் எதிரெதிரே அமைந்த இரு உலோகத் தட்டுகளே அது. தொலைவிலிருந்து வரும் மெல்லலை அவ்விடைவெளியைத் தாண்ட மாட்டாது வாங்கியினூடு சென்றது. செலுத்தியின் வல்லலையோ பொறியாய்ப் பாய்ந்து இடைவெளியைத் தாண்டி நிலத்தை அடைந்தது. வாங்கி சேதமின்றித் தப்பியது. இங்ஙனம் செவி காக்கப்பட்டதாயினும், தன் கப்பல் பேசுந்தோறும் அது அடைபட்டே இருந்தது.

1912: கேளாச் செவியின் விலை

இக்குறையின் கொடுமையை 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி இரவு உலகம் அறிந்தது. ‘டைற்றானிக்’ கப்பலின் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸ், பயணிகளின் தனிச்செய்திகளைக் கனடாக் கரையோர நிலையமாகிய கேப் றேசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இரவு 11 மணியளவில் அண்மையில் நின்ற ‘கலிபோர்னியன்’ கப்பலின் தந்தியாளர் சிறில் எவன்ஸ், பனிக்கட்டிகளின் நடுவே தம் கப்பல் நின்றுவிட்டது எனக் கூற முற்பட்டார். கப்பல் அண்மையதாகலின் அவர் அலை இடியொலி போலப் பிலிப்ஸின் செவியில் விழுந்து, தொலைவிலிருந்து வந்த கேப் றேசின் மெல்லொலியை அடக்கிற்று. வாயை மூடுமாறும், தாம் கேப் றேசோடு வேலையாயிருப்பதாகவும் பிலிப்ஸ் கடிந்து மொழிந்தார். எவன்ஸ் சிறிது நேரம் செவிமடுத்திருந்துவிட்டு, 11.30 மணியளவிற் கருவியை நிறுத்தி உறங்கச் சென்றார். 11.40 மணிக்கு டைற்றானிக் பனிமலையோடு மோதியது. அதன் அபயக்குரல் அண்மைக் கப்பலுக்கு எட்டவில்லை. 58 மைலுக்கு அப்பாலிருந்த ‘கார்ப்பேதியா’வுக்கு எட்டிற்று, அது விடியற்காலை 4 மணியளவில் வந்து சேர்ந்து ஏறத்தாழ 700 பேரைக் காத்தது. 1,500 பேர்க்கு மேல் மாண்டனர்.

இந்நிகழ்ச்சியை ஒரு தந்தியாளரின் சினமாகவும் மற்றொருவரின் உறக்கமாகவும் மட்டும் கொள்வது முறையன்று. பணம் ஈட்டும் செய்தியும் உயிர் காக்கும் செய்தியும் ஒரே கம்பி, ஒரே செவி, ஒரே மனிதன் வழியாகச் செல்லுமாறு அமைத்த ஒழுங்கே அதன் வேர். பின்னர் எழுந்த சட்டங்கள் அவ்வேரையே நோக்கின. 1914ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனிற் கையெழுத்தான கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, பெரிய பயணிக் கப்பல்கள் இடையறாது செவிமடுக்க வேண்டும் என விதித்தது. பிற்காலத்தில் ஒவ்வொரு மணியிலும் 15ஆம், 45ஆம் நிமிடங்களிலிருந்து மூன்று மூன்று நிமிடம் எல்லாக் கப்பல்களும் 500 கிலோசைக்கிள் மீடிறனில் வாய் மூடிச் செவி திறத்தல் வேண்டும் என்னும் வழக்கு நிலைத்தது. கப்பலின் தந்தி அறைக் கடிகாரத்தில் அந்நிமிடங்கள் செந்நிறத்திற் குறிக்கப்பட்டிருந்தன. ஒரு கம்பியைப் பகிரும் இரு தொழில்களுக்கு இடத்தாற் பிரிவு இயலாதபோது காலத்தாற் பிரிவு செய்தமை இதுவாகும்.

எம்டனும் கொழும்பும்

முதலாம் உலகப் போரில் இவ்வுண்மை இந்துமாக்கடலிலே வேறொரு வடிவிற் புலப்பட்டது. கப்டன் கார்ல் பொன் முல்லரின் தலைமையில் வந்த ‘எம்டன்’ என்னும் ஜேர்மானியப் போர்க்கப்பல், 1914 செப்டெம்பர் 22ஆந் திகதி இரவு சென்னைத் துறையிலிருந்த எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டெறிந்து கொளுத்தியது. பின்னர் இலங்கைக் கடலைச் சுற்றிவந்து வணிகக் கப்பல்கள் பலவற்றைக் கைப்பற்றியும் மூழ்கடித்தும் சென்றது. சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனை ‘எம்டன்’ எனக் குறிக்கும் வழக்குத் தமிழில் அன்று புகுந்து இன்றும் நிலவுகின்றது.

எம்டனின் வெற்றிக்குக் காரணம் அதன் பீரங்கி மட்டுமன்று. தன் செலுத்தியை அடக்கி வாங்கியைத் திறந்து வைத்து, பிறர் பேசுவதைக் கேட்டே அது வழி வகுத்தது. அதன் வீழ்ச்சியும் இவ்விடத்திலேயே தொடங்கிற்று. 1914 நவம்பர் 9ஆந் திகதி, கொக்கோசுத் தீவுகளிலுள்ள கடலடித் தந்தி நிலையத்தையும் கம்பியில்லாத் தந்தி நிலையத்தையும் அழிக்க அது அணுகியது. துணைக்கப்பலை அழைப்பதற்காக அது எழுப்பிய அலையை நிலையத்தார் கேட்டு ஐயுற்றனர். அயற் கப்பலொன்று வந்துளது எனவும் அபயக் குறியையும் அவர்கள் உடனே பரப்பினர். எம்டன் தன் செலுத்தியை முழு வலுவில் முழக்கி அக்குரலை அடக்க முயன்றது. செய்தி முற்றாக அடங்கவில்லை. தொலைவிலிருந்து ஒரு போர்க்கப்பல் மறுமொழி தந்ததை எம்டன் கேட்டது. அவ்வொலியின் மென்மையைக் கொண்டு அக்கப்பல் 200 மைலுக்கும் அப்பால் உளது எனக் கணித்து அமைதியுற்றது. அக்கணிப்புத் தவறன்று. ஆனால் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிக் கொழும்பை நோக்கி வந்த கப்பல் வரிசை ஏறத்தாழ 50 மைல் தொலைவில், ஒரு சொல்லும் மொழியாது செவிமடுத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிரிந்து விரைந்த ‘சிட்னி’ என்னும் கப்பல் சில மணி நேரத்தில் எம்டனை அழித்தது.

தீவில் இறங்கிய ஜேர்மானியர் முதலில் நாடியது நிலையத்தின் வான்கம்பியைத் தாங்கிய கம்பத்தையே. அதனை வெடிவைத்து வீழ்த்தும்போது தங்கள் தென்னிசு ஆடுகளத்தின் மீது விழாதவாறு செய்யுமாறு நிலையத்தார் வேண்ட, தலைவர் மூக்கே அதற்கும் இணங்கினார் என்பது வரலாறு. கம்பம் வீழ்ந்ததும் நிலையத்தின் வாயும் செவியும் ஒருங்கே அற்றன. எனினும் அதற்குள் செய்தி பறந்துவிட்டது. சிட்னி கப்பல் காயமுற்ற சிறைக்கைதிகளோடு நவம்பர் 15ஆந் திகதி கொழும்புத் துறையை அடைந்தது.

நீர்மூழ்கியின் கருவி, நகரின் வானொலி

போர் முடிந்த பின்னர் ஒரு கடற்கலத்தின் வானொலிக் கருவியே கொழும்பின் முதல் ஒலிபரப்புக்கு வித்தாயிற்று. 1921ஆம் ஆண்டில் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக இலங்கைக்கு வந்த எட்வேட் ஹார்ப்பர், 1923ஆம் ஆண்டில் கொழும்பு மத்திய தந்திக் கந்தோரின் சிறியதோர் அறையிலிருந்து இசைத்தட்டுகளைச் சோதனையாக ஒலிபரப்பினார். திணைக்களப் பொறியியலாளர் அதற்கெனக் கட்டிய செலுத்தி, போரிற் கைப்பற்றிய ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பகுதிகளைக் கொண்டு அமைந்தது. 1925 டிசெம்பர் 16ஆந் திகதி ஆளுநர் சேர் ஹியூ கிளிபர்ட் கொழும்பு வானொலியின் முறையான சேவையைத் தொடக்கி வைத்தார். அதுவே 1949இல் ‘றேடியோ சிலோன்’ ஆகவும், 1967இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகவும் வளர்ந்தது.

நீர்மூழ்கிக் கப்பலில் வான்கம்பிக்கு இடம் இன்னும் அரிது. உயர்ந்த பாய்மரம் அதற்கில்லை. கலத்தின் முன்முனையிலிருந்து கோபுரத்தின் மேலாகப் பின்முனை வரை இழுத்த தடித்த கம்பிகளையும், மடித்து வைக்கத்தக்க கம்பங்களையுமே அது நம்பிற்று. வலைகளும் தளைகளும் கோபுரத்தில் சிக்காது காக்கும் கம்பியே செய்தி அனுப்பும் கம்பியாகவும் பயன்பட்டது. அத்தகைய நெருக்கடியில் எதிரியின் கண்ணுக்கும் செவிக்கும் அஞ்சி அடக்கமாய்ப் பேசுவதற்கு அமைந்த கருவி, கரையேறியதும் ஒரு நகரம் முழுவதும் கேட்கும்படி இசை பரப்பிற்று. கம்பியின் இடநெருக்கடி நீங்கியதும் கருவியின் தொழிலே மாறியது காண்க. கடலிற் பேச்சும் கேள்வியும் ஒரே இடத்தில் நிகழ வேண்டும். ஒலிபரப்பிலோ பேசுவது ஓரிடம். கேட்பது பல்லாயிரம் இல்லங்கள். அவ்வில்லங்கள் ஒவ்வொன்றின் கூரையிலும் கேட்பதற்கென்றே ஒரு கம்பி ஏறியது.

பகிர்வு நன்மை பயந்த இடம்

பகிர்வு எஞ்ஞான்றும் தீதெனக் கொள்ளுதல் பொருந்தாது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் ஏறிய ‘79’, ‘279’ என்னும் இலக்க றேடார்ப் பொறிகள், அலையை அனுப்ப ஒரு பாய்மரத்தின் உச்சியையும் எதிரொலியை வாங்க மற்றொன்றின் உச்சியையும் கவர்ந்துகொண்டன. இரண்டு உச்சிகளும் ஒரு கருவிக்கே போயின. பின்னர், நொடியின் மிகச் சிறு பங்கில் வாங்கியை மூடித் திறக்கும் மின்விசைகள் அமைந்தன. அவற்றால் ஒரே வான்கம்பி அனுப்பவும் வாங்கவும் வல்லதாயிற்று. விடுபட்ட பாய்மர உச்சி வேறு கருவிகளுக்குக் கிடைத்தது. றேடாரின் தொழில் தன் குரலின் எதிரொலியைத் தானே கேட்பது. ஆகவே பேசி முடித்த பின்னரே அது கேட்கத் தொடங்குகிறது. வாயும் செவியும் முறைவைத்துத் தொழிற்படுவது அதன் இயல்புக்கே ஒத்ததாகலின் அங்கே பகிர்வு பழுதின்றி அமைந்தது.

அப்போரில் இலங்கைக்கு நேர்ந்த இடரிலும் ஒரு கலத்தின் குரல் நினைவுகூரத் தக்கது. 1942 ஏப்பிரல் 4ஆந் திகதி, கொக்கலையிலிருந்து சென்ற ‘கற்றலீனா’ என்னும் பறக்கும் படகிலே லெனாட் பேர்ச்சோல் தலைமையிலான கனடியப் படைப்பிரிவினர், இலங்கைக்குத் தென்கிழக்கே யப்பானியக் கடற்படையைக் கண்டனர். எதிரி விமானங்கள் சுட்டு வீழ்த்துமுன் அவர்கள் அச்செய்தியைக் கரைக்கு அனுப்பினர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது துறைமுகத்திலிருந்த கப்பல்களுட் பல முன்னரே வெளியேறியிருந்தன. ஒரு செய்தி முழுமையாகக் கேட்கப்படுமுன் அதனைச் சொல்லும் கம்பி அறுபடக்கூடும் என்பதனாலேயே இன்றியமையாச் செய்திகளை மீட்டும் மீட்டும் அனுப்பும் வழக்கு எழுந்தது.

இக்காலப் படகும் பழைய வினாவும்

500 கிலோசைக்கிள் மீடிறனிற் செவிமடுத்த காலம், உலகளாவிய கடல் இடர்காப்பு முறை 1999 பெப்ரவரி 1ஆந் திகதி முழுமையாக நடைமுறைக்கு வந்ததோடு நிறைவெய்தியது. இன்றைய கலங்கள் 156 மெகாஹேட்ஸ் அளவிலான மீடிறனில் அண்மைக் கப்பல்களோடு பேசுகின்றன. அதன் அலைநீளம் 2 மீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஆதலின் வான்கம்பி ஒரு கோலளவாகச் சுருங்கிவிட்டது. நீளத்தால் வந்த நெருக்கடி இவ்வாறு நீங்கியதாயினும் எண்ணிக்கையால் வந்த நெருக்கடி புகுந்தது. பேச்சு வானொலி, தன் பெயரையும் இடத்தையும் வேகத்தையும் தானே அறிவிக்கும் ‘ஏ.ஐ.எஸ்.’ கருவி, செயற்கைக்கோளால் இடமறியும் கருவி, றேடார் என்பன சிறு பாய்ப்படகின் ஒரே பாய்மரத்தை நாடுகின்றன.

ஏ.ஐ.எஸ். கருவியின் மீடிறன்களான 161.975, 162.025 மெகாஹேட்ஸ் என்பன பேச்சு வானொலியின் மீடிறனுக்கு மிக அணித்தானவை. ஆதலால் பாய்மர உச்சியிலுள்ள ஒரே வான்கோலைப் பிரிப்பான் வழியாக இரண்டும் பகிரலாம். செலவும் கம்பியும் குறையும். இரண்டுக்கும் உச்சியின் உயரம் கிட்டும். ஆனால் எளிய பிரிப்பான் வரும் அலையின் வலுவைச் சரிபாதியாக்கும். மேலும், பேச்சு வானொலி 25 உவாற்று வலுவில் முழங்கும் வேளையில், அதே கம்பியைப் பகிரும் ஏ.ஐ.எஸ். வாங்கியைத் துண்டித்தே ஆகவேண்டும். அவ்வாங்கி உணரத்தக்க மெல்லலையினும் 25 உவாற்று கோடி கோடி மடங்குக்கும் மேற்பட்டது. துண்டியாதொழியின் வாங்கி கெடும். ஆகவே தலைவன் பேசும் நேரமெல்லாம் படகு அயற்கலங்களின் இடத்தை அறியாது. அன்றியும் பாய்மரம் முறிந்தாலோ பிரிப்பான் பழுதுற்றாலோ இரு கருவிகளும் ஒருங்கே ஊமையும் செவிடுமாகும்.

தனித்தனி வான்கோல் அமைப்பின் இவ்விடர் பெரும்பாலும் நீங்கும். ஆனால் அவற்றை எவ்வாறு நிறுத்துவது என்பது அடுத்த வினா. இதற்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டல் தெளிவானது. ஏ.ஐ.எஸ். வான்கோல், பேச்சு வானொலியின் வான்கோலுக்கு நேர் மேலோ நேர் கீழோ குறைந்தது 2 மீற்றர் இடைவெளியில் இருத்தல் வேண்டும். ஒரே மட்டத்தில் நிறுத்துவதாயின் 10 மீற்றர் இடைவெளி வேண்டும். நிமிர்ந்த கோல் தன் பக்கங்களிலேயே அலையை மிகுதியாக வீசுகிறது; தன் உச்சிக்கு நேர் மேலும் அடிக்கு நேர் கீழும் மிகக் குறைவாகவே வீசுகிறது. எனவே ஒன்றன் மேலொன்றாக நிறுத்தியவை ஒன்றையொன்று அதிகம் துன்புறுத்தா. பக்கத்திற் பக்கமாக 10 மீற்றர் விலக்குவது பெருங்கப்பலுக்கு எளிது. சிறு படகில் அவ்வளவு அகலமே இல்லை. ஆகவே சிறு படகினர் ஒரு கோலைப் பாய்மர உச்சியிலும் மற்றதைப் பின்புறக் கைப்பிடிக் கம்பியிலும் நிறுத்துவர். தாழ்ந்த கோலுக்குத் தொடுவானம் அண்மையாகிக் கேள்வித் தொலைவு குறையுமாயினும், உச்சிக்கோல் முறிந்த இரவில் அதுவே படகின் ஒரே குரலாக எஞ்சும். பயணம் நெடிதாயின் இவ்வமைப்பே தக்கது. கரையோரச் செலவே உடையார்க்குத் தரமான பிரிப்பானும் ஒரு கோலும் போதும்.

இலங்கையின் ஆழ்கடல் மீனவர்க்கும் இவ்வினா பொருந்தும். நீர்கொழும்பு, பேருவளை, திருகோணமலை, வாழைச்சேனை முதலிய துறைகளிலிருந்து வாரக்கணக்கிற் கடலில் தங்கும் நெடுநாட் படகுகள், குற்றலை வானொலியாற் கரையோடு பேசிவந்தன. இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 சனவரியில் விதித்த தடை 2016 சூனில் நீங்கியது. அதற்கென எடுத்த நடவடிக்கைகளுள் ஒன்றாக, செயற்கைக்கோள் வழியே படகின் இடத்தைக் காட்டும் கருவிகள் நெடுநாட் படகுகளில் ஏறின. படகின் சிறு கூரையில் வான்கோல்கள் இவ்வாறு பெருகின. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுச் சாதனக் கடைகளில் பிரிப்பான்களும் கம்பிகளும் இணைப்பிகளும் எளிதிற் கிடைக்கின்றன. எதனை எதனோடு இணைத்தல் தகும் என்னும் அறிவு அப்பொருள்களோடு சேர்ந்து விற்கப்படுவதன்று. அதனைக் கல்வியே தருதல் வேண்டும்.

முடிபு

மேற்கூறிய வரலாற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஒரு முடிபு பெறப்படும். கம்பியில்லாத் தந்தியின் முன்னேற்றத்தை, எத்துணைத் தொலைவுக்குப் பேச முடிந்தது என்பதைக் கொண்டே நூலார் பெரும்பாலும் அளந்துள்ளனர். கடலில் உயிர்களைக் காத்த சட்டங்களோ, பெரும்பாலும் எவ்வளவு நேரம் கேட்க வேண்டும் என்பதைப் பற்றியவை. 1900இல் இரு வாங்கிகள் ஒரு கம்பியில் இசைந்தன; 1901இல் பல செலுத்திகள் ஒரு வானத்தில் மோதின; 1912இல் அண்மைக் கப்பலின் செவி மூடியிருந்தது; 1914இல் மௌனமாய்க் கேட்ட கப்பல் வென்றது. இடமும் பொருளும் குறைந்த கலத்திற் பகிர்வு தவிர்க்க இயலாதது, அது இழிவுமன்று. ஆனால் பகிர்வால் முதலிற் குறைவது பேச்சன்று, கேள்வி. அக்குறை அபயக்குரல் எழும் வேளை வரை எவர்க்கும் புலப்படாது. ஆகவே எவ்வமைப்பிலும் கேட்கும் கருவிக்குரிய பங்கை முதலில் ஒதுக்கி, எஞ்சியதைப் பேசும் கருவிக்கு அளித்தல் வேண்டும்.

‘கேள்வி’ என்பதற்கு ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவரின் மொழியிற் கற்கும் மாணவர்க்கு இம்முடிபு புதியதாகத் தோன்றாது. அப்பண்பு அவை நடுவே மனிதர்க்குப் பெருமை தருகின்றது. ஆழி நடுவே அது உயிரைத் தருகின்றது. கொழும்புத் துறையிலிருந்து இன்றிரவு புறப்படும் படகு ஒவ்வொன்றின் பாய்மரத்திலும் அயலானின் குரலைக் கேட்பதற்கென ஒரு கம்பி தவறாது இருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு விட்டுச்சென்ற கடமையாகும்.